தீ மூட்டி வரவேற்றவர்கள்



நவம்பர் மாதத்து மாலையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வெளியே காத்து நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சப்பாத்துக்குள் ஈரம் ஏறியிருக்கும். கையுறைக்குள்ளும் விரல்கள் விறைத்திருக்கும். கதவு திறந்ததும் முகத்தில் வந்து படுகிற அந்தச் சூடு, "வாங்கோ, முதல்ல உள்ளுக்கு வாங்கோ" என்கிற குரல், கைக்கு வருகிற தேநீர்க் கோப்பை: இவற்றின் அருமை நோர்வேயில் வாழும் நமக்குத் தெரியும். உங்களில் மூத்தவர்கள் சிலர் 1980களில் வடக்கே ஃபின்மார்க் கரையோரம் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தவர்கள். மொழி தெரியாத ஊர். சூரியனே எழாத வாரங்கள். அங்கே உங்களுக்கும் யாரோ ஒருவர் கதவைத் திறந்தார். அவர் எதை நம்புகிறவர் என்று அந்த நேரத்தில் நீங்கள் கேட்டீர்களா? உங்கள் நம்பிக்கை என்னவென்று அவர்தான் கேட்டாரா?

இன்று நாம் தியானிக்க எடுத்துக்கொண்டது திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரம். பவுலடியாரைக் கைதியாக ஏற்றிக்கொண்டு உரோமைக்குப் போன கப்பல் பதினான்கு இரவுகள் புயலில் அலைந்து கடைசியில் உடைந்துபோகிறது. அதிலிருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்கிறார்கள். அந்தக் கரை மால்தா தீவு. அந்தத் தீவினர் ஆண்டவர் இயேசுவின் பெயரையே கேள்விப்படாதவர்கள். ஆனால் மழை பெய்கிறது, குளிர் அடிக்கிறது, முன்னே நனைந்த மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்கள் தீ மூட்டி எல்லாரையும் வரவேற்றார்கள். அந்தப் பரிவு சாதாரணமானதாக இருக்கவில்லை என்பதை லூக்கா மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை நிறுத்துகிறது. பவுல் அந்தத் தீயருகே போய்ச் சும்மா உட்காரவில்லை. சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து அதே தீயில் போடுகிறார். பிற இனத்தார் மூட்டிய தீயை வளர்க்கத் திருத்தூதரின் கைகள் உதவுகின்றன. பிறகு தீவின் தலைவர் வீட்டில் விருந்தாளியாக இருக்கிறார். நோயுற்றுக் கிடந்த அவருடைய தந்தைக்காக மன்றாடிக் குணமாக்குகிறார். மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தும் பவுல் ஆற்றிய உரை ஒன்றையேனும் லூக்கா பதிவு செய்யவில்லை. தீயும், சுள்ளியும், உணவும், குணமான உடல்களும்தான் அங்கே பேசுகின்றன. புறப்படும்போது அவர்கள் ஏறிய கப்பலில் இரட்டைத் தெய்வங்களின் சின்னம் இருந்தது. அதையும் லூக்கா முகம் சுளிக்காமல் எழுதிவிட்டுப் போகிறார்.

அன்பானவர்களே, இதை இன்று ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நம் இளையோர் சிலர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார்கள். அவர்களோடு படிக்கிற, வேலை செய்கிற நோர்வே நண்பர்கள் சிலர் கழுத்தில் சிறு சுத்தியல் வடிவப் பதக்கம் அணிகிறார்கள். அது தோர் தெய்வத்தின் சுத்தியல். இந்த நாடு கிறிஸ்துவை அறியுமுன் இங்கே வணங்கப்பட்ட ஓடின், தோர், ஃப்ரேயா முதலிய தெய்வங்களை அவர்கள் மீண்டும் போற்றுகிறார்கள். "இவர்கள் யார் ஃபாதர்? இவர்களோடு நாங்கள் எப்படிப் பழகுவது?" என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி. அவசரமில்லாமல் பார்ப்போம்.

இந்தத் திரும்புதலுக்கு இக்காலத்தில் பெயர் பெற்ற நாடு ஐஸ்லாந்து. 1972ஆம் ஆண்டு, அந்நாட்டு வழக்கில் கோடையின் முதல் நாளன்று, ஸ்வேய்ன்ப்யோர்ன் பெய்ன்டெய்ன்ஸன் என்ற விவசாயியும் கவிஞருமான ஒருவர் தம்மோடு சேர்ந்த சிலருடன் ஆசாத்ரு சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அரசு அதை ஏற்றது. ஆடு மேய்த்து, பழைய பாட்டுகளை நீட்டி இசைத்து, எளிமையாக வாழ்ந்த அவர் 1993இல் இறந்தார். இன்று அந்தச் சங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். இங்கே நோர்வேயில் 1996இல் தொடங்கிய பிஃப்ரொஸ்ட் என்ற சமூகம் உண்டு. நம் கத்தோலிக்கத் திருச்சபையைப் போலவே அதுவும் அரசிடம் பதிவு பெற்ற சமயச் சமூகம்தான்.

அவர்கள் கூடினால் என்ன செய்கிறார்கள்? நம்பிக்கை அறிக்கை சொல்வதில்லை. பருவம் மாறும் நாள்களில் வெட்டவெளியில் கூடுகிறார்கள். தேன்மதுவோ பழச்சாறோ ரொட்டியோ நிலத்துக்கும் தெய்வங்களுக்கும் படைக்கிறார்கள். அந்தச் சடங்குக்கு ப்லோத் என்று பெயர். பிறகு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். சில கூட்டங்களில் சும்பல் என்ற வழக்கமும் உண்டு. கொம்பில் பானம் நிரப்பிக் கைமாற்றுவார்கள். முதல் சுற்று தெய்வங்களுக்கு. அடுத்தது முன்னோருக்கு. மூன்றாவது சுற்றில் ஒவ்வொருவரும் தான் செய்து முடித்த ஒன்றைச் சொல்லலாம், அல்லது செய்யப்போகும் ஒன்றுக்கு வாக்குக் கொடுக்கலாம்.

இந்த மூன்றாவது சுற்றில் சற்று நிற்க விரும்புகிறேன். கொம்பைக் கையில் ஏந்திச் சொன்ன சொல் சொன்னவரை மட்டும் கட்டுவதில்லை. கேட்டு நின்றவர்கள் எல்லாரும் அதற்குச் சாட்சி. ஒருவர் வாக்குத் தவறினால் அந்த மண்டபத்தில் இருந்த அனைவரின் நற்பேறும் குறையும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதனால் சில குழுக்களில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். யாராவது பெரிய வாக்கு ஒன்றை எடுத்தால், "உன்னால் இது முடியுமா? எப்படிச் செய்யப் போகிறாய்? தவறினால் என்ன ஈடு கொடுப்பாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் அவர் கேட்பார். அவமானப்படுத்துவது அவர் எண்ணமில்லை. முடியாத சுமையைத் தூக்கிக்கொண்டு போய் வழியில் விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறை அது.

சகோதரரே, நாமும் வாக்குக் கொடுத்தவர்கள்தானே? குழந்தையின் திருமுழுக்கின்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் திருமுழுக்குத் தொட்டியருகே நின்று வாக்குக் கொடுக்கிறார்கள். நாம் எல்லாரும் கூடி நின்று அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாகிறோம். திருமண நாளில் இருவர் கைகோத்து வாக்குக் கொடுக்கிறார்கள். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நிழற்படம் எடுக்கிறோம், விருந்து சாப்பிடுகிறோம். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் சண்டை என்று கேள்விப்பட்டால் என்ன செய்கிறோம்? தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அந்த நானூறு சாட்சிகளில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தட்டி, "தம்பி, பிள்ளை, நாங்கள் இருக்கிறோம்" என்றோம்? உங்கள் ஞானப்பிள்ளைக்கு இன்று எத்தனை வயது என்று உங்களுக்குத் தெரியுமா? அவனோ அவளோ திருப்பலிக்கு வருவதை நிறுத்தி எவ்வளவு காலமாகிறது?

இதைக் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஞானப்பெற்றோராகும்போது உங்களுக்கு இருபத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. இரண்டு வேலை, இரவுப் பணி, ஊருக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு எல்லாம் தலையில் இருந்தன. ஆண்டவருக்கு அது தெரியும். உங்கள் வாக்கைக் கேட்டவர் அவரே. அதைச் சுமக்க உங்களுக்குத் தோள் கொடுப்பவரும் அவரே. இன்று மாலை அந்தப் பிள்ளைக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பேசினால் அந்த வாக்கு மறுபடி உயிர் பெறும். இருபது வருடம் கழிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம்.

வாக்குத் தவறியவரை, பழைய தெய்வங்களைப் போற்றும் அந்தச் சமூகம் என்ன செய்கிறது என்பதும் நாம் கவனிக்க வேண்டியது. பழைய வடநாட்டுச் சட்டங்களில், ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்தால் அதற்கு ஈடு உண்டு. உயிருக்குக்கூட ஈடு உண்டு. பழிக்குப் பழியாகக் குடும்பங்கள் அழிந்து போகாமல் தடுப்பதற்கு அந்த ஏற்பாடு இருந்தது. இன்று அவ்வழியில் வாழ்கிறவர்களும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்பது தொடக்கம். கெடுத்ததைச் சரிசெய்த பிறகே உறவு பழைய நிலைக்கு வரும் என்பது அவர்கள் எண்ணம். கேட்கும்போது சக்கேயு ஞாபகம் வருகிறாரா? ஆண்டவர் தம் வீட்டுக்குள் நுழைந்த மகிழ்ச்சியில், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக அவர் எழுந்து நின்று சொன்னார். நம் ஒப்புரவு அருளடையாளத்திலும் ஈடுசெய்தல் ஒரு பகுதிதான். ஆனால் நாம் அதை மூன்று 'அருள் நிறைந்த மரியே'யோடு முடித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். சீட்டுப் பணம் கட்டாமல் விட்டதால் முகம் பார்க்காமல் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரில் ஒரு துண்டுக் காணிக்காகப் பதினைந்து வருடம் பேசாத அண்ணன் தம்பிமார், இங்கே ஒரே திருப்பலியில் இரண்டு ஓரத்தில் அமர்கிறார்கள். நற்கருணை வாங்க வரும் வரிசையில் ஒருவர் முன்னே வந்தால் மற்றவர் பின்னுக்கு நிற்கிறார். எனக்கு அது தெரியும். ஆண்டவருக்கும் தெரியும்.

அதே வேளை, ஈடு கட்ட முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டவர் இறந்துவிட்டார்; போய் மன்னிப்புக் கேட்க முடியாது. தாய் ஊரில் கண்ணை மூடினபோது விசா இல்லாமல் போக முடியவில்லை. அந்தக் கடனைத் தீர்க்க வழியே இல்லை. குடித்துக் குடும்பத்தைக் குலைத்த தகப்பனுக்குப் பிள்ளைகளின் சிறுவயதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இத்தகையோருக்கு என்ன வழி? 1970களில் இப்பழைய வழியைப் பின்பற்றியவர்கள் சிலர் ஒன்பது நற்பண்புகளைத் தொகுத்தார்கள். துணிவு, உண்மை, மானம், விசுவாசம், கட்டுப்பாடு, விருந்தோம்பல், உழைப்பு, தற்சார்பு, விடாமுயற்சி. ஒவ்வொன்றும் நல்லது; என் பிள்ளைகளே, உங்களுக்கும் அவற்றை நான் பரிந்துரைப்பேன். இரக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் வாழ்க்கையை அடக்கிவிடாது என்று அவர்களிலேயே பலர் சொல்வதும் நியாயம். ஆனால் நமக்கு இரக்கமே முதலும் முடிவும். திருப்பிக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதவனுக்காகத்தான் ஆண்டவர் சிலுவையில் கைகளை விரித்தார். அவருக்கு வலப்பக்கம் தொங்கிய கள்வனால் எந்த ஈட்டைக் கட்டியிருக்க முடியும்? அவன் தன்னை நினைவில் வைக்கும்படி கேட்டான். அன்றே விண்ணக வாழ்வைப் பெற்றான்.

மறுபடி தீயருகே வருவோம். வடநாட்டுப் பழைய கவிதைகளில் ஹாவமால் என்று ஒன்று உண்டு. இந்த வழியினர் தம் வாழ்வுக்கு அதிகம் நாடுவது அதைத்தான். அது தெய்வங்களின் புகழோடு தொடங்கவில்லை. வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியோடு தொடங்குகிறது. மலை கடந்து வந்தவனின் முழங்கால் குளிர்ந்திருக்கும், அவனுக்குத் தீயருகே இடம் வேண்டும்; உணவும் உலர்ந்த உடையும் வேண்டும்; கை கழுவ நீரும் துடைக்கத் துணியும் வேண்டும்; அன்பாய்ப் பேசவும் அவன் பேசுவதைக் கேட்கவும் ஆள் வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. பெரிய விருந்து தேவையில்லை, பாதி ரொட்டியாலும் ஒரு நண்பனைப் பெறலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. மால்தாவில் பவுலுக்குக் கிடைத்தது இதே வரவேற்பு. இந்தக் கவிதை இன்று நமக்குக் கிடைப்பது, 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடியால். ஐஸ்லாந்து கிறிஸ்தவ நாடாகி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த காலம் அது. தம் முன்னோர் வணங்கிய தெய்வத்தின் பெயரால் வழங்கிய பாட்டை ஒரு கிறிஸ்தவ நாட்டவர் கன்றுத்தோலில் பொறுமையாகப் படியெடுத்துக் காத்தார். யாரென்று தெரியாத அந்தச் சகோதரருக்காக நான் இறைவனுக்கு நன்றி சொல்வதுண்டு.

உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் எல்லாக் கதவும் திறந்ததில்லை. சிக்வாத் என்ற கவிஞர் நம் புனித ஓலாவின் நெருங்கிய நண்பர், கிறிஸ்தவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் சுவீடன் பக்கம் பயணம் போனார். இலையுதிர் காலம். ஒவ்வொரு பண்ணை வீடாகத் தட்டினார். வீட்டுக்குள் சடங்கு நடக்கிறது, வெளியார் வரக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி, உன்னை உள்ளே விட்டால் ஓடின் கோபிப்பார் என்று அஞ்சிக் கதவைச் சாத்தினாள். அவள் கெட்டவளாக இருந்திருக்க மாட்டாள். தன் தெய்வத்தையும் தன் வீட்டாரையும் காக்கிறோம் என்று நினைத்திருப்பாள். நம் மண்டபத்தில் திருப்பலிக்குப் பிறகு கோப்பி குடிக்கும்போது, புதிதாக வந்த எரித்திரியாக் குடும்பம் ஒன்று சுவரோரம் தனியே நின்றது நினைவிருக்கிறதா? நாம் அவர்களை விரட்டவில்லை. நமக்குள் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் நின்ற இடம் சிக்வாத் நின்ற வாசல்தான்.

புனித ஓலாவின் பெயரை எடுத்துவிட்டேன். அவரைப் பற்றியும் பேசாமல் விடக் கூடாது. 1030ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று ஸ்டிக்லெஸ்டாடில் வீழ்ந்த அரசர் அவர். இந்த நாட்டின் பாதுகாவலர். ஒஸ்லோவில் நம் கத்தோலிக்கப் பேராலயம் அவர் பெயரில் நிற்கிறது. நாம் அவரிடம் பரிந்துரை கேட்கிறோம். ஆனாலும் அவரும், அவருக்கு முன்னிருந்த ஓலாவ் டிரிக்வாசனும் மனமாற்றம் மறுத்தவர்களைக் கொன்றதையும் அங்கம் குறைத்ததையும் பழைய வரலாற்றுக் கதைகள் மறைக்காமல் சொல்கின்றன. நம் அயலவர்கள் அதை மறக்கவில்லை. ஐஸ்லாந்தின் பழைய சட்டம் ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும். கரையை நெருங்கும் கப்பல் தன் முகப்பில் செதுக்கியிருக்கும் வாய் பிளந்த தலைகளை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். அந்நிலத்தைக் காக்கும் ஆவிகள் அவற்றைக் கண்டு மிரண்டுவிடக் கூடாதாம். விருந்தாளியாகப் போகிறவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நம் மூதாதையரான அந்த அரசர்கள் நற்செய்தியைக் கொண்டுவந்தபோது அந்தத் தலைகளைக் கழற்றவில்லை.

இரத்த உறவில் நமக்கு மூதாதையரா என்று கேட்பீர்கள். விசுவாசத்தில் ஆம். அவர்கள் செய்த நன்மையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் நாம், அவர்கள் செய்த தீமைக்காகவும் தலை குனிய வேண்டும். வேறு வழி இருந்தது என்பதற்குத் திருச்சபையிலேயே சாட்சி உண்டு. 601ஆம் ஆண்டு திருத்தந்தை பெரிய கிரகோரியார், இங்கிலாந்துக்குப் போன மறைபரப்பாளருக்கு எழுதிய மடலில், அம்மக்களின் கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்து அங்கேயே இறைவனை வழிபடச் செய்யுங்கள், அவர்கள் கூடி விருந்துண்ணும் பழக்கமும் தொடரட்டும் என்று அறிவுரை சொன்னார். ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிளந்து போருக்கு நின்றபோது, இரு தரப்பும் தீர்ப்பை ஒரே மனிதரிடம் விட்டன. அவர் தோர்கெய்ர், அவரே பழைய வழியைச் சேர்ந்தவர். போர்வையால் மூடிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஒருவரோடும் பேசாமல் கிடந்தார். எழுந்துவந்து, எல்லாரும் ஒரே சட்டத்தின் கீழ், கிறிஸ்தவர்களாக வாழ்வோம் என்றார். தம் சொந்த நம்பிக்கைக்கு எதிராகத் தம் மக்களின் அமைதிக்காகத் தீர்ப்புச் சொன்னார். அப்போது நோர்வே அரசர் ஐஸ்லாந்தரைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்தார் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த நெருக்கடிக்குள்ளும் இரத்தம் சிந்தாமல் ஒரு நாட்டைக் காத்தவர், நாம் பிற இனத்தார் என்று அழைக்கும் ஒருவர்.

இன்னொன்று. பழைய வடநாட்டுச் சின்னங்களைத் தோல்நிற வெறிக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நம் பிள்ளைகள் பேருந்தில் அத்தகைய பச்சையைக் கையில் குத்தியவரைக் கண்டு ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். அந்தப் பயம் வீணானதல்ல. ஆனால் 2016இல் பல நாடுகளைச் சேர்ந்த இந்த வழியினரின் குழுக்கள் கூடி, இனத்தின் பெயரால் ஆள்களை ஒதுக்கும் அமைப்போடு தங்களுக்கு உறவில்லை என்று வெளிப்படையாகக் கையெழுத்திட்டன. தீமையைத் தீமை என்று சொல்லச் சொல்லும் ஹாவமாலின் 127ஆம் பாட்டை வைத்தே அந்த அறிக்கைக்கு 127 என்று பெயரிட்டார்கள். சுத்தியல் அணிந்த எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். சிலுவையையும் வெறுப்புக்காகச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். அதை வைத்து நம்மை அளந்தால் நமக்கு எப்படி வலிக்கும்!

அப்படியானால் அந்த நண்பர் தம் சடங்குக்கு அழைத்தால் போகலாமா? இளையோரே, உங்களுக்கு நேராகப் பதில் சொல்கிறேன். நண்பராகப் போகலாம். மரியாதையோடு ஓரமாக நில்லுங்கள். கொம்பு உங்களிடம் வந்தால், நான் கிறிஸ்தவன், என் வணக்கம் ஒருவருக்கே உரியது என்று மெதுவாகச் சொல்லி அடுத்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். படைத்ததில் பங்கெடுக்க வேண்டாம். வாக்கை மதிக்கிற மனிதர்கள் அவர்கள். நீங்கள் உங்கள் திருமுழுக்கு வாக்கைக் காப்பதைக் கண்டு உங்களை மேலாகவே மதிப்பார்கள். உங்கள் பெற்றோருக்கு இது புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு அப்பால் சைவ வீடு, இப்பால் வேத வீடு என்றுதான் வாழ்ந்தார்கள். பொங்கல் அங்கிருந்து வந்தது, நத்தார்ப் பலகாரம் இங்கிருந்து போனது. கோயில் கொடியேற்றத்துக்கும் மாதா திருநாளுக்கும் ஒருவர் வாசலை மற்றவர் கூட்டிவிட்டார். அவரவர் வழிபாடு அவரவருக்கு இருந்தது, உறவும் இருந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தபோது, நம் ஊர்க் கிழவிகள் அதை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இது இறந்தோருக்காக மன்றாடும் மாதம். இந்த வழியினரும் இலையுதிர் காலத்தில் முன்னோரை நினைத்துக் கொம்பு உயர்த்துகிறார்கள். ஆடுமாடு சாகும், உறவினர் சாவர், நீயும் சாவாய், நீ தேடிய நற்பெயர் மட்டும் சாகாது என்ற கருத்து ஹாவமாலில் புகழ்பெற்றது. ஆழமான சொல். அதைக் கேட்டு நேர்மையாய் வாழ்ந்தவர்கள் பலர். ஆனால் சகோதரிகளே, பெயர் சொல்ல ஆளில்லாமல் போனவர்களை என்ன செய்வது? 2009இல் முள்ளிவாய்க்காலில் குடும்பத்தோடு மாண்டவர்கள், அவர்களுக்காகக் கொம்பு உயர்த்தவோ மெழுகுதிரி ஏற்றவோ ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை. பங்கருக்குள் பிறந்து, பெயர் வைக்குமுன் இறந்த குழந்தைகள் எந்த நற்பெயரைத் தேடியிருக்கும்? காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகத் திருப்பலிக் கருத்து எழுதும் தாய், இறந்தோர் பட்டியலில் எழுதுவதா உயிரோடிருப்போர் பட்டியலில் எழுதுவதா என்று பேனாவோடு திகைத்து நிற்பதை இந்த மாதத்திலும் கண்டேன்.

அம்மா, எந்தப் பட்டியலில் வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆண்டவர் அதைத் திருத்தி வாசித்துக்கொள்வார். தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயா வழியாகச் சொன்னவர் அவர்; நம் பெயரைத் தம் உள்ளங்கையில் பொறித்திருக்கிறவர். உலகம் மறந்த பெயரும், வைக்கப்படாத பெயரும், அவமானத்தில் முடிந்த பெயரும் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. நம் நம்பிக்கை தரும் ஆறுதல் இதுவே. அயலவரின் மேசையில் நாம் எவ்வளவு நல்லதைக் கண்டாலும், இந்த ஆறுதலை அவர்களுக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதுவும் முதலில் அவர்கள் தீயில் நம் கையால் ஒரு சுள்ளி போட்ட பிறகு.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் சில வேண்டுதல்கள். ஞானப்பிள்ளை இருப்பவர்கள் இன்றிரவே பேசுங்கள். கடன் நிற்கிறது, காணி நிற்கிறது, பேச்சு நிற்கிறது என்றால், முழுதும் தீர்க்க முடியாவிட்டாலும் முதல் தவணையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன். ஈடே கட்ட முடியாத பாரம் உள்ளவர்களுக்காகச் சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஒப்புரவுக்காகக் காத்திருப்பேன். வரும் ஞாயிறு மண்டபத்தில் வழமைபோலக் கோப்பியும் ரோல்ஸும் இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் நம் மொழி பேசாத ஒருவரையாவது அழைத்து வந்து உங்கள் மேசையிலேயே உட்கார வையுங்கள். சுத்தியல் பதக்கம் அணிந்தவராக இருந்தாலும் சரி, கூட்டி வாருங்கள்.